பதினாலு கேசட்

ஜனவரி 18

அன்புள்ள மருமகளுக்கு மாமா சொல்ல, டீச்சர் எழுதுவது.

என் மகன் டேப்பில் பாடம் நடத்தின வருஷம் எது என்று கேட்டாய், எண்ணாகச் சொல்ல எனக்குத் தெரியாது. ஆற்றுப் பாலத்தின் நடுத்தூண் உட்கார்ந்து, பஸ்ஸெல்லாம் நூல் மில் வழியாகச் சுற்றிப் போன வருஷம் அது. அந்த மில்லில் ஏழு மாதம் சங்கு ஊதாமல் கிடந்ததும் அப்போதுதான். பள்ளிக்கூடத்துக்கு முதல்முதலாக டேப் ரெக்கார்டர் வந்ததும் அதே வருஷம். டீச்சர் விரல் விட்டுப் பார்த்துவிட்டு, "இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு ஐயா" என்கிறார். இருக்கும்.

நான் சுகமாக இருக்கிறேன். முழங்கால் மட்டும் என்னைக் கேட்காமல் மடங்குகிறது. ஆஸ்பத்திரியில் நின்று நின்று உனக்கு வந்த கால் வீக்கம் வற்றியதா? பேத்தி நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா? போனில் பேசினால் எனக்கு வண்டு குடைகிற சத்தம்தான் வருகிறது. வலது காதில் வாய் வைத்துப் பேசினால் உண்டு. அதனால்தான் உன்னை இப்படிக் கடிதம் எழுத வைக்கிறேன். டீச்சர் யாரென்றால், அவனுக்குப் பிறகு அவன் வகுப்புக்கு வந்தாரே, அவரேதான். ரிடையர் ஆகி இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வந்து உன் கடிதத்தை வாசித்துக் காட்டி, என்னுடையதை எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறார்.

பேத்தி கேட்டதற்குச் சொல்கிறேன். அவனுக்கு ரத்தத்தில் நோய் என்று டாக்டர் படுக்கச் சொன்னபோது நீ மூன்று மாதம். சோற்றைப் பார்த்தாலே வாந்தி. உன்னை உன் அம்மா வீட்டுக்கு அனுப்பி வைத்தோம். அவனுடைய ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்க ஆள் இல்லை. பரீட்சைக்கு ஐந்து மாதம். "அப்பா, அந்த மிஷினைக் கொண்டு வாங்க" என்றான். ஹெட்மாஸ்டர், "பள்ளிக்கூட சாமான், கீழ போட்டா உம்ம தலையிலதான் விடியும்" என்று சொல்லிக் கொடுத்தார். என் துண்டில் சுற்றி, குழந்தையைத் தூக்குகிற மாதிரித் தூக்கி வந்தேன். அவன் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு விரலைத் தூக்குவான். நான் இரண்டு பொத்தானையும் சேர்த்து அழுத்துவேன். மறுநாள் மிஷினை வகுப்பு மேசையில் வைத்துப் போட்டுவிடுவேன்.

முதல் நாள் பிள்ளைகள் சிரித்தார்கள். "எல்லாரும் உட்காருங்க" என்றது அது. நாற்பத்திரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். நானும் உட்கார்ந்துவிட்டேன். கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்கு இடம் விட்டுப் பேசியிருப்பான். "கடைசி பெஞ்ச், வாய்க்குள்ளயே முனகாத" என்று அது சொல்கிற நேரத்தில் நிஜமாகவே ஒருத்தன் அங்கே முனகிக்கொண்டிருப்பான். யார் என்ன பதில் சொன்னார்கள் என்று சாயங்காலம் அவனிடம் ஒப்பிப்பேன். அடுத்த கேசட்டில் அதற்கு வைது வைத்திருப்பான்.

பதினாலு பாடம், பதினாலு கேசட். இரண்டு பாடம் பாக்கி நின்றுவிட்டது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் மாமா,
மணிக்காரர்

(பள்ளிக்கூடத்தில் மணி அடித்தவனுக்கு வேறு என்ன பெயர் நிற்கும் என்கிறார் டீச்சர். அதனால் அப்படியே போடச் சொல்லிவிட்டேன்.)


ஜனவரி 31

மதிப்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் கண்டு நிம்மதி. கால் வீக்கம் குறைந்திருக்கிறது. முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள், மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

நல்ல செய்தி ஒன்று. உங்கள் பேத்திக்குப் பள்ளிக்கூட வேலை கிடைத்துவிட்டது. ஏழாம் வகுப்பு, அறிவியல். நாங்கள் கேட்டு வாங்கவில்லை, தானாக அமைந்தது. அங்கே சுவரையே அடைத்துக்கொண்டு ஸ்மார்ட் போர்டு வைத்திருக்கிறார்கள். தொட்டால் இதயம் துடிக்கிறது, கிரகமெல்லாம் சுற்றுகிறது. முதல் வாரமே வந்து படுத்துக்கொண்டாள். "அம்மா, பிள்ளைங்க போர்டைத்தான் பாக்கறாங்க. நான் வெளிய போயிட்டாக்கூடத் தெரியாது." அப்போதுதான், அப்பா ஆளே இல்லாமல் ஒரு மிஷினை வைத்து நாற்பத்திரண்டு பேரை உட்கார வைத்தார் என்று சொன்னேன். அன்றிலிருந்து ஒரே பிடிவாதம், அதைக் கேட்க வேண்டும் என்று.

அவளுக்கு அவர் முகம் ஒரு போட்டோவில் தெரியும். குரல் தெரியாது. நானும் அந்தக் கேசட்டைக் கேட்டதில்லை. இத்தனை வருஷம் கேட்கத் தைரியமில்லை, பள்ளிக்கூடத்தில் பத்திரமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். உங்கள் பள்ளிக்கூடத்திலும் போர்டு வந்து, பழைய மிஷின்களையெல்லாம் மூட்டை கட்டுகிறார்களாமே. கேசட் எங்கே இருக்கிறது மாமா? தபாலில் அனுப்ப முடியுமா?

டீச்சருக்கு என் வணக்கம்.

உங்கள் மருமகள்


பிப்ரவரி 22

அன்புள்ள மருமகளுக்கு,

சுகம். நீயும் பேத்தியும் சுகமாக இருக்க வேண்டும். ஒத்தடம் கொடுத்தேன், கால் கொஞ்சம் சொன்னபடி கேட்கிறது. பேத்திக்கு வேலை கிடைத்ததை டீச்சர் வாசித்தபோது இரண்டாம் தடவையும் வாசிக்கச் சொன்னேன்.

அவன் எப்படி நடத்தினான் என்றுதானே கேட்கிறாள். எனக்கு எழுத்துதான் வராது. கேட்டது போகாது. இரண்டாவது பாடத்தைச் சொல்கிறேன், டீச்சர் எழுதிக்கொள்வார்.

"மேசை மேல ஒரு டம்ளர் இருக்கு. அதுல என்ன இருக்கு?" இங்கே இடம் விடுவான். "காலின்னு சொன்னது யாரு? எழுந்திரு. மணிக்காரர் இப்போ ஒரு வாளித் தண்ணி கொண்டுவருவார்." நான் வாளியோடு கதவுக்கு வெளியே தயாராக நிற்பேன். வீட்டில் அப்பா, வகுப்பில் மணிக்காரர். "டம்ளரைக் கவுத்து, நேரா தண்ணிக்குள்ள அமுக்கு. உள்ள தண்ணி ஏறுதா?" இடம். "ஏறல. அப்போ உள்ள யாரோ உட்காந்துக்கிட்டு இடம் விடமாட்டேங்கறாங்க. யாரு அது?" பிள்ளைகள் கத்துவார்கள், காற்று என்று. "ஹெட்மாஸ்டர் காதுல விழுந்துடுச்சு. மெதுவா."

டீச்சர் பேனாவை வைத்துவிட்டார். "இருபத்தி நாலு வருஷம் இதே பாடத்தை நடத்தினேன் ஐயா. இப்படி நடத்தலையே" என்கிறார். இதையும் எழுதுங்கள் என்றேன். மாட்டேன் என்று சொல்லிவிட்டு எழுதுகிறார்.

அடுத்த கடிதத்தில் மூன்றாம் பாடம் சொல்கிறேன்.

உன் மாமா,
மணிக்காரர்


மார்ச் 6

மதிப்புள்ள மாமாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உங்கள் கால் தேவலை என்றதில் சந்தோஷம்.

பாடத்தைப் பேத்தி நாலு தடவை வாசித்தாள். பிறகு என்னிடம், "தாத்தா கேசட்டைப் பத்தி ஒண்ணுமே சொல்லலையேம்மா" என்றாள். நான் கேட்டது பாடம் இல்லை மாமா. பாடம் புத்தகத்திலும் இருக்கிறது. அவர் குரலைத்தான் கேட்டேன்.

அவள் பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டாள். அந்த அலமாரி காலி, கேசட்டெல்லாம் மணிக்காரர் ரிடையர் ஆனபோது எடுத்துப் போய்விட்டார் என்கிறார்கள். உங்களிடம்தான் இருக்கிறதா?

உங்கள் மருமகள்


ஏப்ரல் 10

அன்புள்ள மருமகளுக்கு,

பதில் தாமதம். கண்ணில் சொட்டு மருந்து போட்டு இரண்டு வாரம் கட்டி வைத்திருந்தார்கள். இப்போது பார்வை பரவாயில்லை. உனக்கு இரவு வேலை மாறிவிட்டதா?

கேசட் என்னிடம்தான் இருக்கிறது. இரும்புப் பெட்டிக்குள். ஆனால் பழைய நாடா, பூஞ்சை பிடித்திருக்கும். போட்டால் மிஷின் நாடாவைத் தின்றுவிடும். திடீர் மழை பிடித்தால் வழியில் நனையும். இந்த ஊர்த் தபாலையும் நம்ப முடியாது.

"நான் பெட்டியைத் திறந்து, துடைச்சு, நானே அனுப்பிடறேனே ஐயா" என்று டீச்சர் கேட்கிறார். வேண்டாம் என்று கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன். செவிடனுக்குத் தன் சத்தம் தெரியாது. டீச்சர் தப்பாக நினைக்கவில்லை என்று அவரே எழுதுகிறார்.

மூன்றாம் பாடம் நிழல். அடுத்த தடவை சொல்கிறேன்.

உன் மாமா,
மணிக்காரர்


ஏப்ரல் 21

மாமாவுக்கு,

நலம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

இதை டீச்சர் வாசிக்கப் போகிறார் என்று தெரியும். அவர் மன்னிக்கட்டும், எனக்கு வேறு வழி இல்லை. தகவல் வந்து நான் பஸ் பிடித்து வந்து இறங்கியபோது எல்லாம் முடிந்திருந்தது. பாலம் உட்கார்ந்த வருஷம் என்று எழுதினீர்களே, மில்லைச் சுற்றிக்கொண்டு வந்த அந்தப் பஸ்ஸில்தான் வந்தேன். ஏன் முன்னாலேயே எனக்குச் சொல்லி அனுப்பவில்லை என்று உங்களைக் கேட்டேன். நீங்கள் சுவரைப் பார்த்தீர்கள். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. நீங்களும் சொல்லவில்லை. இருபத்தைந்து வருஷம் நலமா நலமா என்று எழுதிக்கொண்டிருக்கிறோம்.

அந்த ஐந்து மாதம் அவர் பேசினதில் எனக்கென்று ஒரு வார்த்தை இல்லை. ஊர்ப் பிள்ளைகள் நாற்பத்திரண்டு பேர் கேட்டார்கள், அவர் பெற்ற பிள்ளை கேட்கவில்லை. பூஞ்சை பிடித்திருந்தாலும் பரவாயில்லை. நீங்கள் அனுப்பாவிட்டால் மே மாத லீவில் அவளே வந்து பெட்டியைத் திறப்பாள்.

மருமகள்


ஏப்ரல் 29

அன்புள்ள மருமகளுக்கு,

இதை எழுதுவது டீச்சர் இல்லை. பஸ் ஸ்டாண்டு மருந்துக்கடைக்காரர். சுகம் கேட்கும் நிலைமையில் இல்லை, ஆனாலும் கேட்கிறேன். நீ சுகமா?

உன் கடிதத்தை டீச்சர் பாதியில் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டு மீதியை வாசித்தார். மறுநாள் நான் இங்கே நடந்து வந்தேன்.

கேசட்டின் முதுகில் இரண்டு சின்னப் பல் இருக்கும். அவன் போன பிறகு பெட்டியை எடுத்துப் பார்த்தேன். பதினாலிலும் பல் உடைந்திருந்தது. நான் துண்டில் சுற்றித் தூக்கிப் போனேனே, அப்போது இடித்து உடைத்துவிட்டேன் என்று நினைத்தேன். பள்ளிக்கூட சாமான். அவன் பேசின சாமான். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, ஒவ்வொரு ஓட்டையிலும் செலோ டேப்பை அளவாக வெட்டி ஒட்டினேன். நகத்தால் தேய்த்துத் தேய்த்து ஒட்டினேன். அத்தனை சுத்தமாக நான் எந்த வேலையும் செய்ததில்லை.

அடுத்த வருஷம் உன் அத்தையை ஆஸ்பத்திரியில் சேர்த்து நான் நாலு மாதம் லீவில் இருந்தேன். அப்போது ரேடியோவில் பள்ளிக்கூடப் பாடம் போட ஆரம்பித்திருந்தார்கள். புதிதாக வந்த டீச்சர், பிள்ளைகளுக்கு ஆகும் என்று வாரம் ஒன்றாக அதைப் பதிவு செய்தார். அலமாரியைத் திறந்து பார்த்து, ஒட்டுப் போட்ட கேசட்டாக எடுத்திருக்கிறார். பதினாலு. மேலே 'ஏழாம் வகுப்பு அறிவியல்' என்றும் எண்ணும்தான் எழுதியிருக்கும். அவன் தன் பெயரைப் போடவில்லை.

திரும்பி வந்து, ஆளில்லாத நேரம் பார்த்து முதல் கேசட்டைப் போட்டேன். யாரோ ஒரு அம்மா, "அன்பான மாணவச் செல்வங்களே" என்றார். அடுத்ததைப் போட்டேன். அதே அம்மா. பதினாலையும் போட்டுவிட்டு மணி அடிக்கப் போனேன்.

பிறகு ரேடியோ ரிப்பேர்க்காரர்தான் சொன்னார். பல்லை உடைப்பது, இதன் மேல் யாரும் பதிவு செய்யக் கூடாது என்பதற்கு. அதில் டேப் ஒட்டினால், தாராளமாகச் செய்யலாம் என்று அர்த்தமாம். இந்த வேலை பார்க்கிற எல்லோருக்கும் தெரியுமாம். டீச்சருக்குத் தெரியும். அவனுக்கும் தெரிந்திருக்கிறது. படுத்துக்கொண்டே ஸ்க்ரூ டிரைவரால் ஒவ்வொன்றாக உடைத்திருக்கிறான். எனக்குத் தெரியாமல் போயிற்று. அவன் பூட்டிவிட்டுப் போனதை நான் திறந்து வைத்தேன்.

டீச்சருக்கு இன்றுவரை தெரியாது. ஒவ்வொரு ஞாயிறும் என் எதிரில் உட்கார்ந்து அவன் பாடத்தை எழுதிக்கொள்கிறார். எதை அழித்தோம் என்று தெரிந்தால் அந்த அம்மா தாங்கமாட்டார். அவர் கையாலேயே உனக்கு இதை எப்படி எழுதச் சொல்வேன்?

மருந்துக்கடைக்காரர் கேட்கிறார், "ரேடியோ பாடம் நாடா முடியறதுக்கு முன்னாலயே நின்னிருக்கலாம், கடைசி வரைக்கும் ஓட விட்டுப் பாத்தீங்களா?" இல்லை. கொஞ்சம் கேட்டதே போதும் என்று நிறுத்திவிட்டேன். இப்போது கேட்கக் காதும் இல்லை.

பதினாலையும் இத்துடன் அனுப்புகிறேன். என்னைத் திட்ட வேண்டுமானால் திட்டி எழுது. ஆனால் அதை வாசிப்பது டீச்சர் என்பதை மனதில் வைத்துக்கொண்டு எழுது.

மாமா


ஜூன் 12

மதிப்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் நலம். உங்கள் கண்ணும் காலும் எப்படி இருக்கின்றன? பதில் எழுத ஒன்றரை மாதம் ஆகிவிட்டது. ஏன் என்று உங்களுக்குத் தெரியும். இருபது நாள் அந்தப் பார்சலைப் பிரிக்கவே இல்லை.

ஆஸ்பத்திரி ஸ்டோரில் ஒரு பழைய பிளேயர் கிடைத்தது. பேத்தி கேசட்டை எடுத்த எடுப்பில் நிறுத்த விடவில்லை. ஒவ்வொன்றையும் முடிகிற வரை ஓடவிட்டாள். எல்லாவற்றிலும் கடைசி இரண்டு நிமிஷம் மிகத் தெளிவாக இருக்கிறது மாமா. மொத்தம் அரை மணி நேரம் கேட்டோம். பிறகு மறுபடியும் அதே அரை மணி நேரம்.

"சரி, மணி அடிக்கப் போகுது, புத்தகத்தை மூடுங்க" என்கிறார். பிறகு ஒரு மூச்சு. பிறகு, "அப்பா, நிறுத்துங்க." பதினாலிலும் இதே. அவர் உங்களிடம் பேசுகிற குரல் வேறு, பிள்ளைகளிடம் பேசுகிற குரல் வேறு என்று பேத்தி சொல்கிறாள். இரண்டும் அவளுக்குக் கிடைத்தது.

ஒன்பதாவதில், நிறுத்தச் சொன்ன பிறகும் நாடா ஓடியிருக்கிறது. யாரோ ஒருவர் உள்ளே வந்து, "சம்சாரத்துக்குச் சொல்லி அனுப்பலையா?" என்கிறார். இவர், "வேணாம். அவ வந்தா என்னைப் பாத்துக்கிட்டே சாப்பிடாம கெடப்பா. வயித்துல பிள்ளை. அப்பா, நீங்களும் அனுப்பக் கூடாது. எனக்குச் சத்தியம் பண்ணுங்க" என்கிறார்.

இதை நீங்கள் என்னிடம் சொல்லியிருக்கலாம். அன்றைக்குச் சுவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். இத்தனை வருஷம் நான் உங்களைத்தான் தப்பாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

பதினாலாவதில் டீச்சருக்கு ஒரு வார்த்தை இருக்கிறது. "மீதி ரெண்டு பாடத்தை அடுத்து வர்ற டீச்சர் நடத்துவாங்க. கடைசி பெஞ்ச், அவங்ககிட்ட வாலாட்டக் கூடாது. தெரியாம ஏதாவது தப்பாச் சொன்னாலும் சிரிக்கக் கூடாது. நானும் நிறையத் தப்பாச் சொல்லியிருக்கேன்."

ஒன்பதாவதில் அவர் குரலைத் தவிர இன்னும் மூன்று குரல் கேட்கிறது. யார் யாருடையது, யார் இருக்கிறார்கள் என்று பேத்தி எழுதி வைத்துக்கொள்ள வேண்டுமாம். சொல்லுங்கள்.

உங்கள் மருமகள்


ஜூலை 20

அன்புள்ள மருமகளுக்கு மாமா சொல்ல, டீச்சர் எழுதுவது.

கண் தெளிவு. கால் பழையபடி. உன் உடம்பைக் கவனி, பேத்தி தொண்டை கட்டாமல் பாடம் நடத்தட்டும்.

உன் கடிதத்தை டீச்சர் கடைசி வரை வாசித்தார். பதினாலாவது கேசட் வந்த இடத்தை மட்டும் இரண்டு தடவை வாசித்தார். பிறகு, "கடைசி ரெண்டு நிமிஷம்தானா? பதினாலுலயுமா?" என்று கேட்டுவிட்டு, கடிதத்தை மடித்து என் மடியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். மூன்று ஞாயிறு வரவில்லை. நாலாவது ஞாயிறு வந்தார். என் பக்கத்தில் உட்கார்ந்து, வலது காதில் வாய் வைத்து ஒன்று கேட்டார். கேட்கவில்லை என்றேன். மறுபடியும் கேட்டார். காது சுத்தமாகப் போய்விட்டது டீச்சர் என்றேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "சொல்லுங்க ஐயா, எழுதறேன்" என்றார். இதையெல்லாம் எழுதச் சொன்னேன். எழுதிவிட்டார்.

சத்தியம் செய்தால் அதைச் சொல்லக் கூடாது என்று நினைத்துவிட்டேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நீ என்னைத் தப்பாக நினைத்துக்கொண்டிருந்ததே நல்லது. அவனை நினைத்திருந்தால் இன்னும் வலித்திருக்கும்.

பேத்தி எழுதிக்கொள்ளட்டும். "சொல்லி அனுப்பலையா" என்று கேட்டவர் ஊசி போட வந்த கம்பவுண்டர். நல்ல மனுஷன், கை லேசு. பழைய தியேட்டரை இடித்துக் கடைகள் கட்டினார்களே, அந்த வருஷம் போய்விட்டார். அதில் ஒரு இருமல் கேட்டிருக்கும், "பேசினது போதும்டா" என்று ஒரு குரல் கேட்டிருக்கும். அது உன் அத்தை. பாலத்தைத் திரும்பக் கட்டித் திறந்து, முதல் பஸ் போன அன்றைக்குப் போனாள். அவன் போனது உனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் அன்றைக்கு மணி அடிக்க ஆள் இல்லை.

மூன்றாவது குரல் கடைசியில் வரும். "சரிப்பா, நிறுத்திட்டேன்" என்று சொல்லும். அந்த அறையில் பேசின நாலு பேரில் உயிரோடு இருப்பது அவன் ஒருத்தன்தான், மணிக்காரன்.